ஐம்பதுக்கு மேல, தேஞ்சு போன முட்டியோட ஓட ஆரம்பிக்கிறது எப்படி

மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டரும் இல்ல கோச்சும் இல்ல. சென்னை மந்தைவெளியில லிஃப்ட் இல்லாத பழைய பிளாட்ல ரெண்டாவது மாடியில குடியிருக்குற 56 வயசு பொம்பள, வலது முட்டியில தேய்மானம், எக்ஸ்ரே ரிப்போர்ட்ல கிரேடு 2ன்னு, அதாவது லேசான தேய்மானம்னு போட்டிருக்கு, இடது முட்டி ஏதோ பரவால்ல. மூணு வருஷம் முன்னாடி காலைல பால் பாக்கெட் எடுக்க கீழ இறங்குறதுக்கே கைப்பிடிய புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் சேத்து வெச்சு வெச்சுத்தான் இறங்குவேன். இப்போ வாரத்துல மூணு நாள் பீச் ஓரமா இருக்குற லூப் ரோட்டுல 5 கிலோமீட்டர் ஓடறேன். ஓடறேன்னா மான் மாதிரின்னு நெனச்சுக்காதீங்க, கைய வீசி நடந்து போற மாமா ஒருத்தர் என்னை ஓவர்டேக் பண்ணிட்டு போன நாளெல்லாம் உண்டு. சொந்தத்துல நாலஞ்சு பேர் எப்படி ஆரம்பிச்சீங்க எப்படி ஆரம்பிச்சீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பி அலுத்துப் போச்சு, அதான் ஒரே தடவையா எழுதிடறேன்.

ஓடப் போறேன்னு சொன்னதும் வீட்டுல வர்ற மொத டயலாக் என்னன்னா, ஜவ்வு ஏற்கனவே தேஞ்சிருக்கு, ஓடினா மிச்சமும் போயிடும். எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் சொன்னாரு. முட்டிய ஸ்கூட்டர் டயர் மாதிரி நெனச்சுக்கறோம், ஓட ஓட தேயும்னு. ஆனா டயருக்கு உயிர் கெடயாது. முட்டிக்குள்ள இருக்குற அந்த ஜவ்வுக்கு ரத்தக்குழாயே இல்லயாம், மூட்டுக்குள்ள இருக்குற வழவழன்னு ஒரு திரவம்தான் அதுக்கு சாப்பாடு, காலை ஊனும்போது அமுங்கி எடுக்கும்போது விரிஞ்சு, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் தண்ணி குடிக்கிற மாதிரி குடிச்சுக்கும். அசைக்காம வெச்சா அதுக்கும் சாப்பாடு கம்மி, சுத்தி இருக்குற சதையும் கரைஞ்சு போகும், அப்புறம் வெயிட் மொத்தமும் மூட்டு மேலயே எறங்கும். 2017ல பல ஆய்வுகள சேத்துப் பாத்த ஒரு பேப்பர் வந்துது, அதுல சும்மா உடம்புக்காக ஓடறவங்கள்ல இடுப்பு, முட்டி தேய்மானம் இருந்தது 3.5 சதவீதம் பேருக்கு, ஓடாம உக்காந்தே இருக்குறவங்கள்ல 10.2 சதவீதம், போட்டிக்குன்னே ஓடறவங்கள்ல 13.3. சரி, அது நல்ல முட்டிக்காரங்க கதை, ஏற்கனவே தேஞ்சவங்களுக்கு என்னன்னு கேப்பீங்க. அதுக்கும் 2018ல ஒண்ணு வந்துது, 50 வயசுக்கு மேல முட்டி தேய்மானம் இருக்குறவங்கள 4 வருஷம் ஃபாலோ பண்ணி பாத்தா, ஓடினவங்களுக்கு ஓடாதவங்கள விட தேய்மானமோ வலியோ அதிகமாகல. ஆனா ஒண்ணு, அதுல ஓடினவங்க எல்லாம் அவங்களா இஷ்டப்பட்டு, தாங்குற அளவுக்கு ஓடினவங்க. அதனால இத ஓட லைசென்ஸ்னு எடுத்துக்காதீங்க, ஓடினா நாசமாயிடும்னு பயப்பட வேண்டாம், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்.

நம்ம மா.சுப்பிரமணியனையே எடுத்துக்கோங்க, கட்சிய விடுங்க. விபத்துல முட்டி நொறுங்கி, அதுக்கப்புறம் அம்பதுக்கு மேல ஓட ஆரம்பிச்ச மனுஷன், நூத்துக்கும் மேல அரை மாரத்தான் முடிச்சிருக்காரு. அவர் கதைய கேட்டுதான் எங்க வீட்டுக்காரர் வாய மூடினாரு.

ஷூ வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, உங்களுக்கு இருக்குறது எந்த மூட்டு வலின்னு தெரிஞ்சுக்கணும். எல்லாத்துக்கும் மூட்டு வலின்னு ஒரே பேர் வெச்சுட்டோம், ஆனா தேய்மானம் வேற, முடக்கு வாதம் வேற, யூரிக் ஆசிட் ஏறி கட்டை விரல் சிவந்து வீங்குறது வேற. காலைல எழுந்ததும் பிடிப்பு அரை மணி நேரத்துக்குள்ள விட்டுடுச்சுன்னா பெரும்பாலும் தேய்மானம், ஒரு மணி நேரம் ஆகியும் விடல, ரெண்டு கையோட விரல் மூட்டெல்லாம் சேந்து வீங்குதுன்னா அது முடக்கு வாதமா இருக்கலாம், ரூமட்டாலஜி டாக்டர பாக்கணும், அது அடங்காம ஓடக்கூடாது. முட்டி திடீர்னு லாக் ஆகுது, நடக்கும்போது நழுவி விட்டுப் போகுது, சூடா சிவப்பா வீங்கி ஜுரமும் இருக்கு, ராத்திரி படுத்தா கூட வலிக்குதுன்னா இதுக்கு மேல படிக்க வேண்டாம், மொதல்ல டாக்டர். மூட்டுக்கு மட்டும் இல்ல, நெஞ்சுக்கும் காட்டிக்கோங்க. நம்ம வயசுல சுகரோ பிரஷரோ இல்லாத ஆள் கம்மி, ஈசிஜி எடுத்துட்டு, டாக்டர் சொன்னா டிரெட்மில் டெஸ்டும் எடுத்துட்டு வாங்க. சுகருக்கு இன்சுலினோ கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரையோ எடுக்குறவங்க வெறும் வயித்துல ஓடினா சுகர் சர்ருன்னு எறங்கிடும், எப்ப சாப்பிட்டு எப்ப மாத்திரை போட்டு ஓடறதுன்னு கேட்டுக்கோங்க, பாக்கெட்ல ரெண்டு குளுக்கோஸ் பிஸ்கட்டாவது இருக்கட்டும்.

நான் போன மொத டாக்டர் எக்ஸ்ரேவ லைட்ல வெச்சு பாத்துட்டு, இந்த வயசுல ஓடி என்னம்மா பண்ணப் போறீங்க, வாக்கிங் போங்கன்னு சொல்லி மாத்திரை எழுதி அனுப்பிட்டாரு, மொத்தம் மூணு நிமிஷம். ரெண்டாவதா பாத்தவர் எக்ஸ்ரேவ ஓரமா வெச்சுட்டு, ஒரு கால்ல நில்லுங்க, நாற்காலியில இருந்து கைய ஊனாம எழுந்திருங்கன்னாரு. என்னால எழுந்திருக்க முடியல. உங்க பிரச்சனை முட்டியில பாதி, தொடையில பாதி, பிசியோகிட்ட போயி ரெண்டு மாசம் தொடைய பலமாக்கிட்டு வாங்க அப்புறம் ஓடறத பத்தி பேசலாம்னாரு. அந்த பிசியோ பொண்ணுக்கு என் பொண்ணு வயசுதான் இருக்கும், ஆன்ட்டி ஆன்ட்டின்னு கூப்பிட்டுக்கிட்டே உயிர எடுத்துட்டா, ஆனா இன்னிக்கு நான் ஓடறேன்னா அவளாலதான்.

அவ சொல்லிக் குடுத்ததுல வீட்டுலயே பண்ணக்கூடியத சொல்றேன். கால நீட்டி உக்காந்து முட்டிக்கு அடியில துண்ட சுருட்டி வெச்சு, அந்த துண்ட கீழ அமுக்குற மாதிரி தொடைய இறுக்கி அஞ்சு எண்ணிட்டு விடணும், பத்து தடவை, சீரியல் பாத்துக்கிட்டே பண்ணலாம். அப்புறம் மல்லாக்க படுத்து ஒரு கால மடக்கி வெச்சுட்டு இன்னொரு கால மடக்காம ஒரு அடி உயரம் தூக்கி எறக்குறது. அதே மாதிரி படுத்து ரெண்டு முட்டியையும் மடக்கி இடுப்ப மேல தூக்குறது, இது பின்பக்க சதைக்கு, அங்க பலம் இல்லன்னா ஓடும்போது முட்டி உள்பக்கமா சாயும். கிச்சன் மேடைய புடிச்சுக்கிட்டு குதிகால தூக்கி எறக்குறது, குக்கர் மூணு விசில் வர்ற வரைக்கும்னு நான் கணக்கு வெச்சிருக்கேன். எல்லாத்தையும் விட முக்கியம் நாற்காலி. சாப்பாட்டு மேஜை நாற்காலியில இருந்து கை ஊனாம எழுந்து, தொப்புன்னு விழாம மெதுவா உக்காரணும். மொத வாரம் நாற்காலி மேல ரெண்டு தலகாணி போட்டு உயரமாக்கி பண்ணேன், அப்புறம் ஒண்ணு, அப்புறம் வெறும் நாற்காலி. பத்து தடவை நிறுத்தாம பண்ண எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு. வாரத்துல மூணு நாள் போதும், ஆனா ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் நிறுத்தக்கூடாது, இதத்தான் எல்லாரும் கோட்டை விடறோம், நான் ஒரு தடவை விட்டுட்டு அனுபவிச்சேன்.

இது போயிட்டு இருக்கும்போதே நடக்கவும் ஆரம்பிங்க. 30 நிமிஷம் வேகமா, அதாவது பேச முடியும் ஆனா பாட முடியாது, அந்த வேகத்துல வாரத்துக்கு அஞ்சு நாள் ஒரு மாசம் நடந்து முட்டி ஒண்ணும் சொல்லலன்னா ஓடலாம். அந்த ஒரு மாசம் நடக்காம நேரா ஓடறவங்கதான் மறு வாரமே முட்டிக்கு மாட்டுற நீ கேப்போட உக்காந்திருக்காங்க.

இப்ப ஓட்டம். மொத நாள் நான் ஓடினது மொத்தமே 4 நிமிஷம்தான் சொன்னா நம்ப மாட்டீங்க. அஞ்சு நிமிஷம் நடை, அப்புறம் 30 செகண்ட் ஓட்டம், 2 நிமிஷம் நடை, இத எட்டு தடவை, கடைசியா அஞ்சு நிமிஷம் நடை. இந்த நடந்து நடந்து ஓடற முறைய பரப்பினது ஜெஃப் காலோவேன்னு ஒரு அமெரிக்க ஓட்டக்காரர், 1972 ஒலிம்பிக்ஸ்ல ஓடினவரு, அவரே சொல்லும்போது நமக்கென்ன கௌரவம். மூச்சு வாங்கினதுக்கு அப்புறம் நடக்கறது இல்ல, மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே நடந்துடணும், அதுதான் இதுல சூட்சுமம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூணு நாள், அதுக்கு மேல வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டத்துல ஒரு 15, 20 செகண்ட் ஏத்துங்க, நடைய அப்படியே விடுங்க. ஒன்பது வாரத்துல 5 கிலோமீட்டர்னு ஆப் எல்லாம் இருக்கு, நல்ல ஆப்புதான், ஆனா ஒவ்வொரு வாரத்தையும் ரெண்டு வாரமா, தேவைப்பட்டா மூணு வாரமா இழுத்துக்கோங்க. எனக்கு 5 கிலோமீட்டர் வர 8 மாசம் ஆச்சு.

ஏன் இவ்வளவு இழுக்கணும்னா, மூச்சு சீக்கிரம் பழகிடும், மூணு நாலு வாரத்துலயே என்னடா இவ்வளவு ஈஸியா இருக்கேன்னு தோணும், சதை அதுக்கு அப்புறம் பழகும், தசைநாரும் மூட்டும் மாசக்கணக்குல மெதுவாத்தான் பழகும். அதனால ஆறாவது ஏழாவது வாரம்தான் ஆபத்தான வாரம். என் பொண்ணு ஆபீஸ்ல ஏதோ ஒரு ஓட்டம் வெச்சாங்க, 5 கிலோமீட்டர், அம்மா நீயும் வாம்மா ஜாலியா இருக்கும்னா, நானும் டீ ஷர்ட் ஃப்ரீயா குடுக்கறாங்களேன்னு போயி, கூட்டத்தோட கூட்டமா நடக்காமலே மூணு கிலோமீட்டர் ஓடிட்டேன். ஓடும்போது ஒரு வலியும் இல்ல, மெடலெல்லாம் போட்டு ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டாச்சு. மறுநாள் காலைல முட்டி தேங்கா மாதிரி வீங்கியிருக்கு. ரெண்டு வாரம் படி இறங்கல, வீட்டுக்காரர்தான் பால் எடுத்தாரு, அதையும் தெனம் சொல்லிக் காட்டினாரு.

அன்னிக்கு கத்துக்கிட்டதுதான் நான் இப்போ யார் கேட்டாலும் மொதல்ல சொல்றது. முட்டி ஓடும்போது பதில் சொல்லாது, மறுநாள் காலைலதான் சொல்லும். எனக்கு டெஸ்ட் எங்க பிளாட் படிக்கட்டு. ஓடின மறுநாள் பால் எடுக்க இறங்கும்போது கைப்பிடி புடிக்காம, ஒரு படிக்கு ஒரு காலா எப்பவும் போல இறங்குறேனா, அப்போ நேத்து ஓடினது சரியான அளவு, அடுத்த தடவையும் அதே மாதிரி ஓடலாம். லேசா பிடிக்குது, ஆனா குளிச்சு முடிக்கிறதுக்குள்ள சரியாயிடுச்சுன்னா அதே அளவுல இருக்கணும், ஏத்தக்கூடாது. கைப்பிடி தேவைப்படுதுன்னா, இல்ல முட்டி குழி தெரியாம உப்பியிருக்குன்னா, அடுத்த ஓட்டம் கேன்சல், நடை மட்டும், சரியானதும் ரெண்டு வாரம் முந்தி இருந்த அளவுக்கு போயி ஆரம்பிக்கணும். நான் காலண்டர்ல ஓடின நாள்ல நிமிஷத்தையும் மறுநாள் கட்டத்துல டிக்கோ இன்ட்டோவோ போட்டு வெச்சுக்கறேன், ராகு காலம் பாக்குற அதே காலண்டர்தான். உங்க வீட்டுல லிஃப்ட் இருந்தா கூட காலைல ஒரு மாடி படியில இறங்கிப் பாருங்க, ஏறும்போது தெரியாத வலி இறங்கும்போது தெரியும்.

ஓடும்போதே வலிச்சா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. பிசியோ பொண்ணு சொன்ன கணக்கு இது. வலிய பத்துக்கு எத்தன மார்க்னு வெச்சுக்கோங்க, ரெண்டு வரைக்கும் தொடரலாம், மூணுல இருந்து அஞ்சுன்னா நடைக்கு மாறணும், 24 மணி நேரத்துக்குள்ள பழையபடி ஆயிடணும், அஞ்சுக்கு மேலன்னா ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வந்துடணும். சுருக்குன்னு ஒரே இடத்துல குத்துற வலின்னா மார்க்கெல்லாம் போட வேண்டாம், அங்கயே நிறுத்துங்க. வலி மாத்திரை போட்டுட்டு ஓடறது மட்டும் கூடவே கூடாது, வலிய மறைச்சிடும், மறுநாள் பில் வரும், வேர்த்துக் கொட்டுற நேரத்துல கிட்னிக்கும் கெடுதல்.

எப்படி ஓடறதுன்னா சின்னச் சின்ன அடியா. நம்ம எல்லாரும் ஓடணும்னதும் கால முன்னாடி நீட்டி குதிகால்ல தொம்மு தொம்முன்னு வைக்கிறோம், அந்த அடி நேரா முட்டிக்குத்தான் போகுது. ஒரு நிமிஷத்துக்கு எத்தன அடி வைக்கிறீங்கன்னு எண்ணிப் பாத்துட்டு அத ஒரு 5ல இருந்து 10 சதவீதம் கூட்டினாலே முட்டி மேல விழுற பாரம் குறையுதுன்னு ஆய்வே இருக்கு. அதாவது 150 அடி வைக்கிறவங்க 160 வைக்கணும், வேகம் அதே வேகம், அடி மட்டும் குட்டி. எண்ண வராதுன்னா காதுல வெச்சிருக்குற பாட்ட நிறுத்திட்டு உங்க கால் சத்தத்த கேளுங்க, சத்தம் வராம ஓடணும்னு முயற்சி பண்ணா அடி தானா சின்னதாயிடும். தெருநாய் தூங்கிட்டு இருக்குற தெருவுல அது முழிச்சுக்காம எப்படி போவோம், அப்படி.

சென்னையில எங்க ஓடறதுங்கறது பெரிய கதை. பீச்சுல மணல்ல ஓடினா முட்டிக்கு மெத்து மெத்துன்னு இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் நம்பி மெரினா மணல்ல எறங்கினேன். தளர்ந்த மணல்ல கால் புதைஞ்சு குதிகால் தசைநாரும் கெண்டைக்கால் சதையும் பிடிச்சுக்கும், ஈர மணல் கெட்டியா இருக்கும் ஆனா கடல பாத்து சரிஞ்சிருக்கும், ஒரு கால் மேட்டுல ஒரு கால் பள்ளத்துல ஓடற மாதிரி, தேஞ்ச முட்டிக்கு அது ஆகாது. சமமா இருக்குற ரோடே மேல். மெரினா நடைபாதை, லூப் ரோடு எல்லாம் விடியக்காலைல நல்லா இருக்கும், நொச்சிக்குப்பம் பக்கம் மீன் வாசனைக்கு பழகிக்கணும், ஆனா திரும்பி வரும்போது வஞ்சிரம் விலை கேட்டுட்டு வரலாம். பெசன்ட் நகர் பக்கம் 2023 நவம்பர்ல அரசாங்கம் நடப்போம் நலம் பெறுவோம்னு 8 கிலோமீட்டருக்கு ஒரு நடைப்பாதை ஏற்படுத்தினாங்க, தூரத்த கணக்கு பண்ணி ஓட வசதி. நாகேஸ்வரராவ் பார்க், அண்ணா நகர் டவர் பார்க் மாதிரி எடத்துல நிழல் இருக்கு, உக்கார பெஞ்ச் இருக்கு, ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது, ஆனா ஒரே பக்கமா சுத்திக்கிட்டே இருக்காதீங்க, திருப்பத்துல ஒரே முட்டி மேல பாரம் விழும், பாதியில எதிர்ப்பக்கம் மாறிடுங்க. எல்லாரும் முறைப்பாங்க, பரவால்ல. பிளாட்ஃபாரத்துல மட்டும் ஓடாதீங்க, டைல்ஸ் எங்க ஆடும்னு கார்ப்பரேஷனுக்கே தெரியாது.

நேரம் அஞ்சரைல இருந்து ஆறரைக்குள்ள. நம்ம ஊர்ல வெயில விட புழுக்கம்தான் ஆள சாய்க்கும், வேர்வை காயாது, உடம்பு சூடு எறங்காது. கத்திரி வெயில் நாள்ல ஓட்டத்த பாதியா குறைச்சுடுங்க. முடிஞ்சதும் தண்ணியோட உப்பு போட்ட நீர் மோர் ஒரு டம்ளர், பிரஷர் இருக்குறவங்க உப்ப டாக்டர்கிட்ட கேட்டுட்டு.

ஷூ சாயங்காலம் போயி வாங்குங்க, நாள் முழுக்க நின்னு கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த கால் சைசுக்குத்தான் வேணும். கட்டை விரலுக்கு முன்னாடி ஒரு விரக்கடை இடம் இருக்கணும். வெல ஜாஸ்தியா இருந்தாத்தான் முட்டிக்கு நல்லதுன்னு கடைக்காரப் பையன் சொல்வான், கடைக்குள்ளயே பத்து அடி ஓடிப் பாத்து கால் எதுல சொகமா இருக்கோ அத எடுங்க. 500ல இருந்து 800 கிலோமீட்டருக்குள்ள மாத்திடணும், பாக்க புதுசா இருந்தாலும் உள்ள இருக்குற ஃபோம் செத்துப் போயிருக்கும். பொம்பளைங்களுக்கு ஒண்ணு சொல்லணும், நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்க கூச்சப்படாதீங்க, ஷூவுக்கு அடுத்து அதுதான் முக்கியம். நான் சல்வார் டாப்ஸும் டிராக் பேண்ட்டும்தான், துப்பட்டாவ வீட்டுல வெச்சுட்டு கெளம்ப ஒரு மாசம் ஆச்சு, ஷூ வாங்குறத விட அது கஷ்டமா இருந்துது.

நீ கேப் போட்டா தைரியமா இருக்கும், போட்டுக்கோங்க, ஆனா தொடை சதை பண்ற வேலைய துணி பண்ணாது. குளுக்கோசமைன், கொலாஜன் பவுடர்னு மாசம் ஆயிரக்கணக்குல செலவு பண்றவங்கள பாக்குறேன், ஆய்வுகள் ஒண்ணு வேல செய்யுதுங்குது இன்னொண்ணு இல்லங்குது, அந்த காசுல பிசியோகிட்ட நாலு தடவை போயிட்டு வரலாம்ங்கறது என் கணக்கு. வெயிட் மட்டும் நெசமாவே வித்தியாசம் காட்டும், 1 கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடியிலயும் முட்டி மேல 4 கிலோ பாரம் குறையுதுன்னு கணக்கு போட்டிருக்காங்க. நான் குறைச்சது 6 கிலோ. ஓடிட்டு நேரா போயி நெய் வடியுற பொங்கலும் ரெண்டு வடையும் சாப்பிட்ட வரைக்கும் ஒரு கிராம் குறையல, இப்போ அது ஞாயித்துக்கிழமை மட்டும்.

தனியா ஓட வெக்கமா இருந்தா சென்னை ரன்னர்ஸ் மாதிரி குரூப் இருக்கு, ஏரியா வாரியா ஓடறாங்க, நம்ம வயசுக்காரங்களும் இருக்காங்க. ஆனா குரூப்போட போனா அவங்க வேகத்துக்கு கால் தானா போகும், அதனால ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, நான் நடந்து நடந்துதான் வருவேன் நீங்க போங்கன்னு.

ஜனவரியில நடக்குற சென்னை மாரத்தான்ல 10 கிலோமீட்டரும் இருக்கு, பொண்ணு பேர் குடுக்கலாமாம்மான்னு நச்சரிக்கிறா. நான் இன்னும் சரின்னு சொல்லல. அக்டோபர் நவம்பர் மழையில எத்தன நாள் வெளிய போக முடியும்னு தெரியல, மழை நாள்ல அந்த நாற்காலியும் மொட்டை மாடி நடையும்தான். இப்போதைக்கு 6 கிலோமீட்டர் ஓடின மறுநாள் காலண்டர்ல மூணு டிக், ஒரு இன்ட்டு.